ஒரே பாட்டு, இரண்டு பிறப்பு: பெட் ஷாப் பாய்ஸ் எழுந்த விதம் (விவாத இழை)

மேற்குமுனை (இழையைத் தொடங்கியவர்)

பெட் ஷாப் பாய்ஸ் என்ற பிரிட்டிஷ் இருவர் பாப் குழுவின் 'வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்' முதன்முதலில் வந்தது 1984 ஏப்ரலில். லாஸ் ஏஞ்சலிஸ், சான் பிரான்சிஸ்கோ கிளப்புகளில் ஓடியது. பெல்ஜியத்திலும் பிரான்சிலும் கொஞ்சம் விற்றது. சொந்த நாடான பிரிட்டனில் கண்டுகொள்ள ஆளில்லை. அதே பாட்டு 1985 அக்டோபர் 28 அன்று மறுபடி வந்தது. 1986 ஜனவரியில் பிரிட்டன் பாட்டுத் தரவரிசையில் முதலிடம், இரண்டு வாரம். மே மாதம் அமெரிக்காவிலும் முதலிடம். எழுதியவர்கள் அதே நீல் டென்னன்ட், கிறிஸ் லோ. மெட்டும் அதே.

இதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணம், "முதலில் சின்ன கம்பெனி, பிறகு பெரிய கம்பெனி" என்பது. அது தப்பு என்று சொல்லத்தான் இந்த இழை. 1984 பதிப்பைப் பிரிட்டனில் வெளியிட்டது எபிக், அது ஒன்றும் சின்ன கம்பெனி இல்லை. அடுத்து பார்லஃபோன் கம்பெனியில் சேர்ந்தார்கள், டாம் வாட்கின்ஸ் என்ற கெட்டிக்கார மேலாளர் கிடைத்தார், ஸ்டூடியோவுக்குப் பணமும் இருந்தது. அந்த நிலையில் 1985 ஜூலையில் விட்ட முதல் பாட்டு 'ஆப்பர்ச்சூனிட்டீஸ்'. பிரிட்டனில் 116ஆம் இடத்தோடு நின்றுவிட்டது! கம்பெனிதான் காரணம் என்றால் இது ஓடியிருக்க வேண்டும்.

ஆக, 1985 ஜூலைக்கும் அக்டோபருக்கும் இடையில் மாறியது ஒன்றே ஒன்று: தயாரிப்பாளர், அதாவது ஸ்டூடியோவில் பதிவின் ஒலியை வடிவமைப்பவர். ஸ்டீவன் ஹேக் உள்ளே வந்தார். இன்னொரு சான்றும் இருக்கிறது. தோற்றுப்போன அதே 'ஆப்பர்ச்சூனிட்டீஸ்' பாட்டின் ஒலிகளை ஹேக் மறுபடி கலந்து கொடுத்து 1986இல் வெளியிட்டார்கள். பிரிட்டனில் 11, அமெரிக்காவில் 10.

புதிதாக வருபவர்களுக்குப் பின்னணி சுருக்கமாக: இருவரும் சந்தித்தது 1981 ஆகஸ்ட் 19, லண்டன் கிங்ஸ் ரோட்டில் ஒரு மின்னணுக் கடையில். டென்னன்டுக்கு 27 வயது, புத்தகப் பதிப்பகத்தில் ஆசிரியர் வேலை. லோவுக்கு 21, லிவர்பூலில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்தவர், பிளாக்பூல்காரர். (மில்டன் கீன்ஸில் ஒரு கட்டடத்தின் படிக்கட்டு அவர் வரைந்தது.) அடுத்த இரண்டு வருடம் கேம்டனில் ஒரு சிறிய ஸ்டூடியோவில் உட்கார்ந்து எழுதிச் சேர்த்தார்கள். பிற்பாடு வெற்றிபெற்ற பாட்டுகளில் பல அங்கே உருவானவை. 'இட்ஸ் எ சின்' அவற்றில் ஒன்று.

தாளக்கட்டு

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள், மேற்குமுனை. ஆனால் 1984 பதிப்பைத் தயாரித்த பாபி ஓர்லாண்டோவை ஒதுக்கிவிட்டால் கதை பாதிதான்.

1983 ஆகஸ்டில் டென்னன்ட் 'ஸ்மாஷ் ஹிட்ஸ்' பத்திரிகைக்காக த போலீஸ் என்ற ராக் குழுவைப் பேட்டி காண நியூயார்க் போனார். போன கையோடு ஓர்லாண்டோவையும் பார்த்தார். டிவைன், த ஃப்ளர்ட்ஸ் இவர்களின் நடனப் பாட்டுகளைத் தயாரித்த ஆள், 'பாபி ஓ' என்றால் எல்லாருக்கும் தெரியும். டென்னன்ட், லோ இருவருக்கும் அவர் வட்டுகள் மேல் அப்படி ஒரு பிடிப்பு. பேச்சோடு பேச்சாக, நாமே ஒரு வட்டு போடுவோம் என்று ஓர்லாண்டோ சொல்ல, நியூயார்க் யுனிக் ஸ்டூடியோவில் பதிவு நடந்தது.

அந்தப் பதிவில் பெரும்பாலான கருவிகளை வாசித்தவர் ஓர்லாண்டோ. டிரம் நடை மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்' பாட்டிலிருந்து எடுத்தது. அவருடைய வேலைமுறையே வேகம். ஒரே ஆள், அன்றன்றைக்கே முடிப்பது, கிளப்பில் ஆட வேண்டும் என்ற ஒரே கணக்கு. கிளப்பில் அது செல்லும். வானொலியில் செல்லாது, ஏனென்றால் இந்தப் பாட்டில் பாதி பேச்சு. தாளமும் பேஸும் (கீழ்ச்சுர நாதம்) கீபோர்டும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு முன்னால் நிற்கும்போது பேச்சுக் குரல் தாளத்தைத் துரத்தி ஓட வேண்டியிருக்கிறது. இரண்டு பதிப்பையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். 1984இல் டென்னன்ட் சொற்களைத் தள்ளுகிறார், 1985இல் சொற்களை வைக்கிறார்.

ஹேக் செய்தது மூன்று காரியம். முதலாவது, வேகத்தைக் குறைத்தார். நாம் கேட்கும் பதிப்பு நிமிடத்துக்குச் சுமார் 113 தாள அடி. இரண்டாவது, இடைவெளி விட்டார். பேஸ் கீழே தனியாக நடக்கிறது, மேலே கோரஸ் மாதிரி ஒரு குரல்படலம், நடுவில் ஒன்றுமே இல்லை. அந்தக் காலி இடத்தில்தான் குரல் உட்காருகிறது. மூன்றாவது, இடத்தைக் காட்டினார். தொடக்கத்தில் வரும் காலடிச் சத்தமும் வண்டிச் சத்தமும் ஸ்டூடியோவுக்கு வெளியே தெருவில் கையடக்க கேசட் ரெக்கார்டரில் பிடித்தவை. ஸ்டூடியோ லண்டன் காஸ்ஃபீல்ட் தெருவில் இருந்த அட்விஷன். பாட்டு லண்டனைப் பற்றியது என்பது முதல் சொல் வருவதற்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிடுகிறது.

ஹெலனா ஸ்ப்ரிங்ஸின் பின்குரலையும் சொல்ல வேண்டும். அவர் குரல் வரும் இடங்கள் மிகக் குறைவு. டென்னன்டின் உலர்ந்த குரலுக்குப் பக்கத்தில் அந்த ஈரம் வந்து நின்றதும் பாட்டின் உயரமே கூடிவிடுகிறது.

வட்டுப்பெட்டி

பழைய வட்டு தேடுறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. விற்கிறவங்க ரெண்டையும் போட்டுக் குழப்புறாங்க, "ஒரிஜினல் ஃபர்ஸ்ட் பிரஸ்"னு சொல்லி 1985 வட்டை அதிக விலைக்குத் தள்ளுறாங்க. நடுவுல இருக்கிற லேபிளைப் பாருங்க. பிரிட்டன் வட்டுல எபிக்னு இருந்தா 1984, பாபி ஓ பதிப்பு. அமெரிக்காவுல அதே பதிப்பு பாப்கேட் லேபிள்ல வந்துச்சு. பார்லஃபோன்னு இருந்தா ஹேக் பதிப்பு.

லேபிள் கிழிஞ்சிருந்தா வட்டைத் திருப்பிப் போடுங்க. 1984 வட்டோட பின்பக்கம் குழுவோட பேரையே தலைப்பா வச்ச பாட்டு. 1985 வட்டோட பின்பக்கம் 'எ மேன் குட் கெட் அரெஸ்டட்'. கேட்டே கண்டுபிடிக்கணும்னா, தெருச் சத்தத்தோட ஆரம்பிச்சா அது ஹேக் கை பட்டது. இன்னொரு அடையாளமும் இருக்கு. பழைய பதிப்புல ஸ்டாலின் பேர் வர்ற ஒரு வரி இருக்கும், புதுசுல அதை வெட்டிட்டாங்க.

2001ல 'ஃபர்தர் லிசனிங்'னு ரெட்டை சிடியா 'ப்ளீஸ்' ஆல்பத்தை மறுபதிப்பு பண்ணாங்க. பாபி ஓ பதிப்பு அதுல இருக்கும்னு நம்பி வாங்காதீங்க, இல்லை. ஆனா அதுல தோத்துப்போன முதல் 'ஆப்பர்ச்சூனிட்டீஸ்' இருக்கு, 7 அங்குலம் (குட்டை வடிவம்) 12 அங்குலம் (நீள வடிவம்) ரெண்டுமே. மேற்குமுனை சொல்ற வாதத்தைக் காதால சோதிக்கணும்னா அந்த சிடி போதும்.

யாழினி_ஒலி

தாளக்கட்டு சார், அந்தக் குரல்படலத்தை இன்றைய மென்பொருளில் எப்படிக் கொண்டுவருவது? நல்ல கோரஸ் பிளக்-இன் (மென்பொருளில் செருகும் ஒலிக்கருவி) எதைப் போட்டாலும் தேவாலயம் மாதிரி பளபளவென்று வருகிறது. அந்தப் பாட்டில் இருக்கும் மங்கல் வரவில்லை.

தாளக்கட்டு

யாழினி, பிளக்-இன் நன்றாக இருப்பதுதான் உங்கள் சிக்கல். அந்தக் காலத்தில் இந்த ஒலிகள் வந்தது இமுலேட்டர் என்ற சாம்ப்ளரிலிருந்து, அதாவது பதிவு செய்த ஒலியை விசைகளில் வாசிக்கும் கருவியிலிருந்து. அதன் குறைகள்தான் அந்த நிறம்.

1981இல் வந்த முதல் இமுலேட்டர் 8-பிட், ஒலியை விநாடிக்குச் சுமார் 27,700 முறை அளக்கும். அப்படியானால் அதில் பாதி, சுமார் 14 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் இருக்காது. நினைவகம் 128 கிலோபைட். அதை விசைப்பலகையின் இரண்டு பாதிக்கும் பகிர்ந்தால் ஒரு பாதிக்குச் சுமார் 2 விநாடி. 1984இன் இரண்டாம் இமுலேட்டரில் 17 விநாடி வரை கிடைத்தது, எட்டு குரல் (ஒரே நேரத்தில் எட்டு சுரம்), ஒவ்வொரு குரலுக்கும் அனலாக் ஃபில்டர். ஒலிகளை 5¼ அங்குல ஃப்ளாப்பியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் ஏற்ற வேண்டும்.

செய்முறை இப்படி வையுங்கள். எந்தக் கோரஸ் ஒலியிலாவது ஒரே ஒரு சுரத்தை, நடு ஸ்தாயியில், 'ஆ' என்று 2 விநாடி பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு விசைக்கும் தனித்தனி சாம்பிள் வேண்டாம். அந்த ஒரே சாம்பிளை மேலும் கீழும் இரண்டு ஸ்தாயிக்கு இழுங்கள். அதை 27.7 கிலோஹெர்ட்ஸுக்கும் 8-பிட்டுக்கும் இறக்குங்கள். பிறகு 24 டெசிபெல் சரிவுள்ள லோ-பாஸ் ஃபில்டர் (மேல் ஒலிகளை வெட்டுவது), 4 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி காதுக்கு ஏற்ற மாதிரி நகர்த்துங்கள். எழுச்சியை (ஒலி முழு அளவுக்கு எழும் நேரம்) 80 முதல் 120 மில்லிவிநாடி வரை மெதுவாக்குங்கள். கடைசியில் கொஞ்சம் கோரஸ் எஃபெக்ட் (ஒலியை இரட்டித்து லேசாக அலையவைப்பது), குட்டையான ரிவெர்ப் (அறை முழக்கம்). எண்கள் என் அளவு, ஸ்டூடியோ குறிப்பேட்டிலிருந்து எடுத்தவை அல்ல.

லூப், அதாவது சாம்பிளின் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது, கட்டாயம். 113 வேகத்தில் நான்கு அடி கொண்ட ஒரு வட்டம் 2.12 விநாடி நீளும், உங்கள் சாம்பிள் அதைவிடக் குட்டை. லூப்பை அலை பூச்சியத்தைத் தொடும் இடத்தில் வெட்டி ஒட்டுங்கள், இல்லாவிட்டால் வட்டத்துக்கு ஒருமுறை 'டிக்' என்று கேட்கும். எதிரொலி வைப்பதானால் அரை அடிக்கு 265 மில்லிவிநாடி, முக்கால் அடிக்கு 398.

யாழினி_ஒலி

செய்து பார்த்தேன், மங்கல் வந்துவிட்டது. ஆனால் கீழ் விசைகளில் குரல் இழுத்துக்கொண்டு அரக்கன் மாதிரி ஆகிறது, மேலே போனால் பொம்மைக் குரல். மென்பொருளில் நீளத்தை மாற்றாமல் சுருதியை மட்டும் மாற்றும் வசதி இருக்கிறதே, அதைப் போடலாமா?

தாளக்கட்டு

போடக் கூடாது. அந்தக் கருவியில் சுருதியும் வேகமும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. கீழே போனால் மெதுவாகும், மேலே போனால் விரையும். ஒரு கோர்டின் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) மூன்று சுரமும் மூன்று வேகத்தில் அசைவதால்தான் படலம் உயிரோடு இருப்பது போலத் தோன்றுகிறது. அந்த வசதியைப் போட்டால் மூன்றும் ஒரே மாதிரி அசைந்து உறைந்துவிடும். அரக்கனும் பொம்மையும் வராமல் இருக்க, பதிவு செய்த சுரத்துக்கு மேலே ஐந்து சுரம், கீழே ஐந்து சுரத்துக்குள் கோர்டுகளை அடக்குங்கள். விரித்து வாசிக்காமல் நெருக்கி வாசியுங்கள்.

சொல்வலை

ஒலி பற்றி நிறையப் பேசியாயிற்று. குரலையும் வரிகளையும் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் ஹேக் இடைவெளி விட்டது யாருக்காக என்பதும் கேள்விதானே.

டென்னன்டின் பேச்சுக்கு நேரடித் தூண்டுதல் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் குழுவின் 'த மெசேஜ்'. நியூயார்க் தெருவின் நெருக்கடியைச் சொல்லும் அந்த ராப்பை அவர் அப்படியே பின்பற்றியிருந்தால் கேலிக்கூத்தாகியிருக்கும். வடகிழக்கு இங்கிலாந்தில் வளர்ந்த, லத்தீன் ஜெபம் கேட்டுப் பழகிய ஓர் ஆள் நியூயார்க் தெருக்குரலில் பேசினால் யார் நம்புவார்கள்? அவர் தன் சொந்த உச்சரிப்பிலேயே, ஏறத்தாழ செய்தி வாசிப்பது போல, லண்டனில் உழைப்பாளர் பகுதியான கிழக்கு முனைப் பையன்களையும் வசதியான மேற்கு முனைப் பெண்களையும் பற்றிச் சொன்னார். பல குரல்கள் மாறி மாறி வரும் முறைக்கு டி. எஸ். எலியட்டின் 'த வேஸ்ட் லேண்ட்' கவிதை தூண்டுதல். லெனின் ரயிலில் போன பாதையும் ஒரு வரியில் வருகிறது. மூன்று நிமிடச் சொச்சம் ஓடும் நடனப் பாட்டில் இத்தனை சரக்கு ஏற்றியும் சுமையாகத் தெரியவில்லை. காரணம் குரலில் நடுக்கம் இல்லை, அலங்காரம் இல்லை, ஒவ்வொரு மெய்யெழுத்தும் சுத்தமாக விழுகிறது.

இதைப் பலர் 'உணர்ச்சியற்ற குரல்' என்று எழுதிவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. 'பீயிங் போரிங்' கேளுங்கள். எய்ட்ஸில் இறந்த நண்பனை நினைத்து எழுதிய பாட்டு. குரல் உடையவில்லை, அழவில்லை. அதனால்தான் கேட்கிறவர் அழுகிறார்.

பத்திரிகை வேலையும் அவருக்குப் பாடமாக இருந்தது. 'ஸ்மாஷ் ஹிட்ஸ்' பாப் பாட்டின் வரிகளை அச்சிட்ட பத்திரிகை. அங்கே துணை ஆசிரியராக இருந்தவருக்கு அச்சில் வரி எப்படி நிற்கும், தலைப்பு எப்படி இழுக்கும் என்பது கைவந்த கலை. ஆல்பத் தலைப்புகளைப் பாருங்கள்: 'ப்ளீஸ்', 'ஆக்சுவலி', 'இன்ட்ரோஸ்பெக்டிவ்', 'பிஹேவியர்', 'வெரி'. எல்லாம் ஒற்றைச் சொல். 2024இல் வந்த 'நன்தலெஸ்' வரை அந்த ஒழுங்கு மாறவில்லை. மார்க் ஃபாரோவின் அட்டை வடிவமைப்பும் அதே சிக்கனம். 'ப்ளீஸ்' அட்டையில் வெள்ளைப் பரப்பின் நடுவே தபால் தலை அளவுக்கு இருவரின் படம், அவ்வளவுதான்.

மேற்குமுனை

சொல்வலைக்கு நன்றி. அடுத்த இரண்டு வருடத்துக்கு வருவோம், எழுச்சியின் உச்சம் அங்கேதான்.

1987இல் 'இட்ஸ் எ சின்' மூன்று வாரம் முதலிடம். அதே வருடம் ஆகஸ்டில் டஸ்டி ஸ்ப்ரிங்ஃபீல்டோடு 'வாட் ஹாவ் ஐ டன் டு டிசர்வ் திஸ்', பிரிட்டன், அமெரிக்கா இரண்டிலும் இரண்டாம் இடம். ஆண்டு முடிவில் 'ஆல்வேஸ் ஆன் மை மைண்ட்' கிறிஸ்துமஸ் முதலிடம். 1988 ஏப்ரலில் 'ஹார்ட்' மறுபடி மூன்று வாரம் முதலிடம். பத்து மாதத்துக்குள் மூன்று முதலிடம், ஒரு இரண்டாமிடம்.

இந்தக் காலத்துக்கு டென்னன்ட் பின்னாளில் வைத்த பெயர் 'இம்பீரியல் ஃபேஸ்', பேரரசுக் கட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். தொட்டதெல்லாம் துலங்கும், என்ன செய்தாலும் மக்கள் புரிந்துகொள்வார்கள் என்ற காலம். இன்று எந்தக் கலைஞரைப் பற்றி எழுதினாலும் விமர்சகர்கள் இந்தச் சொல்லைத்தான் எடுக்கிறார்கள். 'டாமினோ டான்சிங்' ஏழாம் இடத்தோடு நின்றபோது அந்தக் கட்டம் முடிந்தது என்று கணக்குப் போட்டவரும் அவரே. தன் வீழ்ச்சியின் தேதியைத் தானே இவ்வளவு துல்லியமாகக் குறித்த பாப் கலைஞர் வேறு யாரும் எனக்குத் தெரியவில்லை.

டஸ்டி விஷயத்தை இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். அறுபதுகளின் ஆகப் பெரிய பிரிட்டிஷ் பாடகிகளில் ஒருவர், எண்பதுகளில் ஏறத்தாழ மறக்கப்பட்டிருந்தார். இந்த இருவரும் அவர்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார்கள். பாட்டை ஆலி வில்லிஸோடு சேர்ந்து எழுதி, பெண் குரலுக்கான பகுதியை அவருக்காகவே காத்து வைத்தார்கள். அதன் பிறகும் விடவில்லை. 1989இல் 'நத்திங் ஹாஸ் பீன் புரூவ்ட்', 'இன் பிரைவேட்' என்று இரண்டு பாட்டு எழுதித் தயாரித்தார்கள், இரண்டும் பிரிட்டனில் முதல் இருபதுக்குள் வந்தன. அதே வருடம் லைசா மினெல்லிக்கு 'ரிசல்ட்ஸ்' ஆல்பம். மூத்த பாடகியை அழைத்து ஒரு பாட்டில் ஓரமாக நிறுத்துவது இன்று வழக்கமாகிவிட்டது. இவர்கள் நடுவில் நிறுத்தினார்கள்.

ஐந்தாம்சுரம்

'இட்ஸ் எ சின்' ஏன் அப்படிப் பிடித்து இழுக்கிறது என்பதற்குக் கோர்டில் விடை இருக்கிறது. சி மைனரில் தொடங்கி எஃப் மைனர், பி ஃப்ளாட், இ ஃப்ளாட், ஏ ஃப்ளாட் என்று போகிறது. ஒவ்வொரு அடியும் ச-விலிருந்து ம-வுக்குத் தாவுவது போல. இந்தச் சுழற்சி பரோக் காலத்துச் (17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய இசை) சொத்து, காது அடுத்த படியை முன்கூட்டியே எதிர்பார்க்கும், அது வந்தே தீரும். பாவம், விதி, தப்பிக்க முடியாமை பற்றிய பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான கோர்டு வரிசை கிடைக்காது. ஆண்டி ரிச்சர்ட்ஸ் ஃபேர்லைட் என்ற சாம்ப்ளரில் போட்ட இடியும் மின்னலும் அதன்மேல். ஜூலியன் மெண்டல்சன் தயாரிப்பு, கலவை நம் ஹேக். கடைசியில் வரும் லத்தீன் பகுதி கத்தோலிக்கப் பாவ அறிக்கை ஜெபம்.

'ஆல்வேஸ் ஆன் மை மைண்ட்' வேறு மாதிரிப் பாடம். எல்விஸ் இறந்து பத்து வருடம் ஆனதை ஒட்டி 1987 ஆகஸ்டில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகச் செய்தது. எல்விஸ் பாடியதில் தலைப்பு வரி வந்ததும் நான்காம் கோர்டு, ஐந்தாம் கோர்டு, வீடு (பாட்டின் ஆதாரக் கோர்டு) என்று அடங்கிவிடும். இவர்கள் அந்த முடிவில் கூடுதலாக இரண்டு கோர்டு செருகி வீடு திரும்புவதைத் தள்ளிப்போட்டார்கள். அந்தத் தாமதத்தில்தான் கீபோர்டு எக்காளம் முழங்குகிறது. மன்னிப்புக் கேட்கும் பாட்டு வெற்றி முழக்கமாக மாறியது அந்த இரண்டு கோர்டினால். வீட்டில் வாசித்துப் பார்ப்பவர்கள் பலர் எல்விஸ் பாட்டின் கோர்டையே பிடித்துக்கொண்டு "ஏன் ஒட்டவில்லை" என்று கேட்பது இதனால்தான்.

வட்டுப்பெட்டி

'இன்ட்ரோஸ்பெக்டிவ்' பத்தி யாரும் பேசலையே! 1988 அக்டோபர். மொத்தமே 6 பாட்டு, எல்லாமே 6 நிமிஷத்துக்கு மேல. எல்லாரும் குட்டைப் பாட்டைப் பதிவு பண்ணி அப்புறம் 12 அங்குலத்துக்கு நீட்டுவாங்க. இவங்க முதல்ல நீளமாப் பண்ணி, ஒத்தைப் பாட்டா விடும்போது வெட்டினாங்க. கிளப் கேக்குற வடிவமே மூல வடிவம்னு ஆக்கினது பெரிய துணிச்சல்.

அதுல முதல் பாட்டு 'லெஃப்ட் டு மை ஓன் டிவைசஸ்', ட்ரெவர் ஹார்னும் ஸ்டீவன் லிப்சனும் தயாரிப்பு. முழு வாத்தியக் குழு ஒரு பக்கம், ஹவுஸ்ங்கிற கிளப் நடனத் தாளம் ஒரு பக்கம். 8 நிமிஷத்துக்கு மேல ஓடும். நல்ல ஸ்பீக்கர்ல கேளுங்க. போன்ல கேட்டா செல்லோவும் பேஸும் ஒண்ணோட ஒண்ணு கலந்து சேறாத்தான் தெரியும்.

ராகவெளி

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். 'மரபு' என்றால் முதலிடக் கணக்கு மட்டும் இல்லை. இவர்கள் விட்டுச்சென்ற ஆகச் சிறந்த சாதனை 1990இன் 'பிஹேவியர்', அதில் ஒரு முதலிடப் பாட்டும் இல்லை. 'பீயிங் போரிங்' பிரிட்டனில் 20ஆம் இடம்தான் எட்டியது. எல்லாரும் டிஜிட்டல் சாம்ப்ளருக்கு ஓடிக்கொண்டிருந்தபோது இவர்கள் மியூனிக்கில் தயாரிப்பாளர் ஹரால்ட் ஃபால்டர்மேயரிடம் போய், அவர் சேர்த்து வைத்திருந்த பழைய அனலாக் சின்த்களை (மின்னணு விசைக்கருவிகள்) வைத்து ஆல்பம் செய்தார்கள். ஜானி மாரின் கிட்டார், ஆஞ்சலோ படலமென்டியின் தந்தி வாத்திய அமைப்பு. ஊரே ஒரு பக்கம் போகும்போது எதிர்ப்பக்கம் போனது இந்த முதல் முறையும் இல்லை, கடைசி முறையும் இல்லை.

தாளக்கட்டு சொன்ன 'இடைவெளி' இந்த ஆல்பத்தில்தான் முழுமையடைகிறது என்பது என் துணிபு.

தாளக்கட்டு

ராகவெளி, முழுதாக ஒப்புக்கொள்கிறேன். 'பீயிங் போரிங்' தொடக்கத்தை அளந்து பாருங்கள், குரல் வருவதற்குள் எவ்வளவு நேரம் காத்திருக்க விடுகிறார்கள் என்று. வானொலிக்குப் பிடிக்காது என்று தெரிந்தே செய்தது. 116ஆம் இடத்தில் தொடங்கியவர்கள் 1990இல் 20ஆம் இடத்துக்கு அஞ்சவில்லை.

சொல்வலை

மரபு என்றதும் ஒரு விஷயம் விட்டுப்போகக் கூடாது. 1988இல் பிரிட்டனில் ஒருபாலீர்ப்பை 'ஊக்குவிப்பதை' உள்ளாட்சி மன்றங்களுக்குத் தடை செய்யும் சட்டத்தின் 28ஆம் பிரிவு வந்தது. அதை எதிர்த்து ஜூனில் பிக்காடிலி அரங்கில் நடந்த கலைநிகழ்ச்சியில் இவர்கள் மேடையேறினார்கள். பெரிய சுற்றுப்பயணம் எதுவும் அதுவரை போகாதவர்கள். டென்னன்ட் தான் ஒருபாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகப் பேசியது 1994இல், 'ஆட்டிட்யூட்' பத்திரிகைக்கு. 'இட்ஸ் எ சின்' படக்காட்சியையும் 1989 சுற்றுப்பயணத்தின் பின்னணிப் படங்களையும் எடுத்தவர் டெரெக் ஜார்மன். அவரும் எய்ட்ஸில் போனார். எண்பதுகளின் லண்டனில் அந்த நோய் என்ன செய்தது என்பதை இந்த ஆல்பங்களை வரிசையாகக் கேட்டாலே அறியலாம், ஒரு பாட்டில்கூட நோயின் பெயர் சொல்லாமல்.

மேற்குமுனை

நல்ல இடத்தில் கொண்டுவந்தீர்கள். பிற்காலத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1993 'வெரி', பிரிட்டனில் அவர்களின் ஒரே முதலிட ஆல்பம். அதில் இருந்த 'கோ வெஸ்ட்' இரண்டாம் இடம், மெட்டு அங்கிருந்து கால்பந்து மைதானங்களுக்குப் போய் ரசிகர் கோஷமாகத் தங்கிவிட்டது. 2004 செப்டம்பர் 12 டிரஃபால்கர் சதுக்கத்தில் ஐசன்ஸ்டைனின் 'போட்டெம்கின்' மௌனப் படத்துக்கு ட்ரெஸ்டன் இசைக்குழுவோடு நேரடி இசை. 2011இல் சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் பாலே. 2014இல் கணினி முன்னோடி ஆலன் ட்யூரிங் பற்றிய படைப்பு பிபிசி ப்ரோம்ஸ் இசைவிழாவில். 2020இல் 'த கார்டியன்' பிரிட்டனின் முதலிடப் பாட்டுகள் அத்தனையிலும் சிறந்தது என்று தேர்ந்தது, வேறெது, 'வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்'. ஹேக் பதிப்பு.

பாபி ஓ-வுக்கும் இதில் பங்கு உண்டு, நேரடியாகவே. 1985இல் ஒப்பந்தத்திலிருந்து விடுபட, வருங்கால வருமானத்தில் ஒரு பங்கு அவருக்குத் தருவதாக ஒப்புக்கொண்டுதான் வெளியே வந்தார்கள்.

யாழினி_ஒலி

முழுதாகக் கேட்க ஆரம்பிப்பவர் எந்த வரிசையில் போவது? கையில் இருக்கும் பணத்துக்கு எது முதலில்?

வட்டுப்பெட்டி

முதல்ல 1991 'டிஸ்காகிராஃபி', ஒரே சிடி, ஒத்தைப் பாட்டுகள் வரிசையா. அடுத்து 'ஆக்சுவலி', அப்புறம் 'பிஹேவியர்'. அதுக்கப்புறம் 1995 'ஆல்டர்னேட்டிவ்', 2 சிடியில 30 பின்பக்கப் பாட்டு. மத்த குழுக்கள் பின்பக்கத்துல மிச்சம் மீதியைப் போடுவாங்க, இவங்க 'பானினாரோ' மாதிரிப் பாட்டை அங்க போட்டவங்க. எல்லாம் வேணும்னா 2023ல வந்த 'ஸ்மாஷ்' பெட்டி, 55 பாட்டு.

'டிஸ்கோ' (1986) வாங்கும்போது மட்டும் கவனம். அது ரீமிக்ஸ் ஆல்பம், 6 பாட்டு. அதுல வர்ற 'வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்' ஷெப் பெட்டிபோன் நீட்டினது, 9 நிமிஷத்தை ஒட்டி ஓடும். நீங்க குரல்படலம் செஞ்சு பழகுறீங்கன்னா, யாழினி, அதைத்தான் வச்சுக்கணும். நீட்டின கலவைங்கிறதால குரல் இல்லாத இடம் நிறைய. படலம், பேஸ், டிரம் தனித்தனியாக் காதுல விழும்.

யாழினி_ஒலி

சொன்ன மாதிரி அதை வைத்து ஒப்பிட்டேன். என் ஃபில்டர் 4 கிலோஹெர்ட்ஸில் இருந்தது, 3.2க்கு இறக்கியதும் பக்கத்தில் வந்துவிட்டது. கோர்டையும் நெருக்கிவிட்டேன். லூப் 'டிக்' ஒன்று மட்டும் மூன்றாவது வட்டத்தில் இன்னும் கேட்கிறது.

தாளக்கட்டு

லூப்பின் இரு முனையிலும் 20 மில்லிவிநாடி குறுக்கு மங்கல் (ஒரு முனை தணியத் தணிய மறுமுனை எழுவது) கொடுங்கள். அப்படியும் கேட்டால் தொடக்கப் புள்ளியை எழுச்சி முடிந்த பிறகு, 300 மில்லிவிநாடிக்கு அப்பால் நகர்த்துங்கள். 'ஆ' தொடங்கும்போது இருக்கும் மூச்சும் லூப்புக்குள் மாட்டியிருக்கும்.